பஞ்சத்துக்கு ஆண்டியும் பரம்பரை ஆண்டியும்

“பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா?” என்றொரு கேள்வி நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பெரும்பாலும் அது ஏளனமாகக் கேட்கப்படுவது. கேட்பவர்க்கு அதில் ஐயம் ஏதும் இல்லை. ஒருவன் காலக் கொடுமையால் ஓடு ஏந்தியவன். மற்றவன் ஓட்டோடு பிறந்தவன். இருவரும் வேறு வேறு வகையினர் என்பது அவர் துணிபு. எனக்கோ பள்ளியில் படித்த காலம் முதலே இப்பழமொழியில் ஒரு கணக்கு இடித்துக்கொண்டே இருக்கிறது. பரம்பரை ஆண்டியின் முப்பாட்டனும் ஏதோ ஒரு பஞ்சத்தில் ஆண்டியானவனாகத்தானே இருந்திருப்பான்? அவன் பிள்ளைக்குப் பஞ்சம் நினைவிருக்கும். பேரனுக்குக் கதை தெரியும். அதற்கு அடுத்தவனுக்கு ஓடு மட்டுமே மிஞ்சும். பஞ்சம் எந்த நாளில் மறைந்து, பரம்பரை எந்த நாளில் தொடங்கிற்று என்பதை எந்த ஊர்க் கணக்கரும் எழுதி வைத்ததில்லை.

பிழைப்பு நாடி ஊர் பெயர்ந்த நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இக்கேள்வி சற்றுக் கூடுதலாகவே உரியது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் கிளம்பியவர்கள் இலங்கையின் மலைத்தோட்டங்களுக்கும் கடல்கடந்த பிற நாடுகளுக்கும் போனார்கள். அத்தகைய பெரும் பெயர்ச்சியில் சேராமல், ஒரு குளம் வற்றியதாலோ, ஒரு கடன் பத்திரம் முற்றியதாலோ, பங்காளிச் சண்டையாலோ செங்கோட்டைக் கணவாயைக் கடந்து மலையாள நாட்டிற்கு வந்தவர்களும் உளர். என் பாட்டனார் அவ்வகையினர். நாம் இன்று உண்ணும் முறை, பணத்தை எண்ணும் முறை, பிள்ளைகளைக் கண்டிக்கும் முறை ஆகியவற்றுள் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு அவர்கள் பட்ட பாட்டின் மிச்சம்? அந்த மிச்சத்திற்கு நாம் பொறுப்பாளிகள் ஆவோமா? இதை ஆராயும் தகுதி எனக்கு உண்டென்று சொல்ல மாட்டேன். ஓர் இளங்கலைப் பட்டமும், மத்திய அரசில் எழுத்தர் பணியுமே என் தகுதிகள். எனினும் மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவன் என்ற ஒன்று உண்டு. இக்கேள்வியைத் தெருத்தெருவாக எழுதி வைத்திருக்கும் ஊர் இது.

கோவாவில் 1560ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் சமய விசாரணை மன்றம் நிறுவியதை ஒட்டிப் புறப்பட்டு வந்த கொங்கணியர் இங்கே செர்லாயில் திருமலைத் தேவசம் கோயிலைச் சுற்றி வாழ்கிறார்கள். நாடிழந்து வந்த யூதர்கள் 1568இல் கட்டிய பரதேசி யூதப்பள்ளி, அரண்மனைக்கு அருகிலேயே நிற்கிறது. 1948க்குப் பிறகு அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டனர். மணிக்கூண்டு மட்டும் தெருவைக் காவல் காக்கிறது. கொங்கணியர் வீட்டுப் பிள்ளையைக் கேட்டால், எங்கள் முன்னோர் ஏன் ஓடி வந்தனர் என்பதைத் தடையின்றிச் சொல்லுவான். நானூற்று அறுபது ஆண்டுகள் கழிந்தும் அக்கதை தேயவில்லை. கோயிலும் மொழியும் சமையலும் அதற்குத் துணை நிற்கின்றன.

நம் தமிழ் மக்களிலும் இங்கே பழங்குடிகள் உண்டு. வெளி என்னும் பகுதியில் உள்ள தோபிகானாவை அன்பர்கள் அறிவார்கள். டச்சுக்காரர்கள் கொச்சியை ஆண்ட காலத்தில், தங்கள் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். டச்சுக்காரர் போய் ஆங்கிலேயர் வந்து, அவர்களும் போய்விட்டனர், துவைகல் போகவில்லை. பல குளங்களில் சிதறிக் கிடந்த தொழிலுக்கு 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் இப்போதுள்ள துவைப்புத் தொட்டிகளைக் கட்டிக் கொடுத்தது. அங்கே உலர்த்தும் துணிக்குக் கவ்விகள் கிடையா. இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கி, அம்முறுக்கின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிவிடுவார்கள். கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் துணி விழாது. வெள்ளை வேட்டிக்குக் கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்து அடுக்கும் நேர்த்தியை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அங்கே ஒரு முதியவரிடம், “உங்கள் குடும்பம் எப்போது வந்தது?” என்று கேட்டேன். “டச்சுக்காரன் காலத்தில்” என்றார், போன ஆடி மாதம் என்பது போல. “ஏன் வந்தார்கள்? ஊரில் என்ன நேர்ந்தது?” என்றேன். துணியைப் பிழிந்தவாறே சற்று எண்ணிப் பார்த்தார். தெரியாது என்றார். வந்த காலம் நினைவிருக்கிறது. வரவழைத்தவன் பெயர் நினைவிருக்கிறது. துரத்திய துன்பம் எது என்பது மட்டும் இல்லை. தொழில் இருக்கிறது, கயிற்று முறுக்கு இருக்கிறது, முதுகு வலி இருக்கிறது. பஞ்சம் போய் ஓடு மிஞ்சுவது என்று நான் சொன்னது இதைத்தான். பிச்சை ஓட்டை உழைப்பாளியின் துவைகல்லுக்கு ஒப்பிடுவது பிழை. அப்பெரியவர் பொறுத்தருள வேண்டும்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

என் பாட்டனார் பொருநைக் கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து, 1940களின் நடுவில், இருபத்து மூன்று வயதில் கொச்சிக்கு வந்தார். அக்காலத்தில் கொல்லத்திலிருந்து வடக்கே இரயில் கிடையாது. செங்கோட்டை வழியே கொல்லம் வரை இரயிலில் வந்து, காயல் வழியே படகில் இங்கே சேர்ந்தார். அவரோடு அதே ஊர்க்காரர் ஒருவரும் வந்தார். அவரைப் பாட்டனார் ‘அண்ணாச்சி’ என்று அழைப்பார் என்று மட்டும் எனக்குத் தெரியும். வில்லிங்டன் தீவில் துறைமுகம் வளர்ந்துகொண்டிருந்த காலம். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் கூலி வேலை இருவருக்கும் கிடைத்தது. ‘கிடைத்தது’ என்ற சொல்லைப் பின்னால் விளக்குவேன்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எதையும் எறிந்து கொடுக்கலாகாது. சாவிக்கொத்தோ, தீப்பெட்டியோ, சீப்போ, எதிரில் இருப்பவருக்கு வேண்டுமென்றால் எழுந்து சென்று அவர் கையில் வைக்க வேண்டும். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, முற்றத்தில் நின்ற தம்பிக்குத் திண்ணையிலிருந்து நாலணாவை வீசினேன். அது அவன் காலடியில் உருண்டது. அவன் குனிந்து பொறுக்கினான். அவ்வளவுதான். மூலையில் சாய்ந்திருந்த பாட்டனார் எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னைத் தொட்டு அடித்ததே இல்லை. அடித்த பிறகு அவர் கைதான் நடுங்கிற்று. ஆச்சி என்னை உள்ளே அழைத்துப் போய், “காசு இலட்சுமி, அதனால்தான்” என்றார். நான் அதை நம்பினேன். இரவில் நகம் வெட்டாதே, வாசற்படியில் உட்காராதே என்பவற்றோடு இதையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தேன்.

இன்னொரு வழக்கம் என் தந்தையாரிடம் உண்டு. எந்த வரிசையிலும் அவர் கடைசியில் நிற்பார். நியாயவிலைக் கடையானாலும் சரி, பேருந்து நிறுத்தமானாலும் சரி, பின்னால் வருபவர்க்கெல்லாம் இடம் விட்டு விட்டு, அரிசி தீர்ந்தபின் வெறும் பையோடு வீடு திரும்பிய நாட்கள் பல. அம்மா அதற்காக அவரிடம் பேசாமல் இருந்த நாட்களும் பல. அவரைச் சாது என்றனர் சிலர், கையாலாகாதவர் என்றனர் சிலர். நான் இரண்டாம் கட்சியில் நெடுங்காலம் இருந்தேன்.

பசியின் கதை எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆச்சி அதைச் சலிக்காமல் சொல்லுவார். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. பர்மா அரிசியை நம்பியிருந்த கொச்சியும் திருவிதாங்கூரும் தவித்தன. கொச்சிச் சமஸ்தானம் பங்கீட்டு முறையை மேற்கொண்டது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. போர் ஓய்ந்த பின்னும் தட்டுப்பாடு ஓயவில்லை. பாட்டனாரை மணந்து வந்த ஆச்சி, கிழங்கைத் தின்னப் பழகியதையும், பிடி அரிசி எடுத்து ஒளித்து வைத்ததையும், அதை எலி தின்றதையும் நடித்துக் காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். இன்றும் எங்கள் வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவதுண்டு. ஏன் என்று என் மகளுக்கும் தெரியும். ‘எலிக்கு’ என்பாள்.

அதே போல வேலைநிறுத்தத்தின் கதையும் தெரியும். அதைப் பாட்டனாரே சொல்லுவார். துறைமுகத்தில் அந்நாளில் ‘சாப்பா’ என்றொரு முறை இருந்தது. காலையில் கப்பல் கூலிக்காக நூற்றுக்கணக்கானோர் கூடுவர். தேவைப்படுவோரோ அதில் ஒரு பங்கினர். ஒப்பந்தக்காரரின் ஆட்களான மூப்பன்மார் உயரத்தில் நின்றுகொண்டு சாப்பா என்னும் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே எறிவார்கள். யார் கையில் வில்லை சிக்குகிறதோ அவனுக்கு அன்று வேலை, மற்றவர் பட்டினி. இம்முறையை ஒழிக்க 1953இல் தொழிலாளர் நெடிய வேலைநிறுத்தம் செய்தனர். செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, செய்தலவி, ஆன்றணி என்னும் மூன்று தொழிலாளர்கள் அன்றைய அடக்குமுறையில் உயிர் நீத்தார்கள். தாமும் அந்தக் கூட்டத்தில் இருந்ததைப் பாட்டனார் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லுவார். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் அவர் காலை உணவு கொள்வதில்லை.

ஆனால் வில்லை எறிவதை அவர் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவார். வில்லையைப் பொறுக்கியது எப்படி என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அவர் 1991இல் காலமானார்.

அந்தப் போராட்டத்தைக் கே. எம். சிதம்பரன் மலையாளத்தில் நாடகமாக எழுதியிருந்தார். அந்நாடகத்தைக் கொண்டு அவர் மகன் கோபன் சிதம்பரன் திரைக்கதை அமைக்க, இராஜீவ் ரவியின் இயக்கத்தில் ‘துறமுகம்’ என்னும் திரைப்படம் 2023இல் வெளிவந்தது. தந்தை எழுதியதை மகன் எடுத்துச் செல்கிறான் என்பதே எனக்குப் பிடித்திருந்தது. எழுபத்தைந்து வயதான என் தந்தையாரை அழைத்துச் சென்றேன். துப்பாக்கிச் சூட்டைக் கண்டு அவர் கலங்குவார் என்று எண்ணிக் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் அதற்குக் கலங்கவில்லை. வில்லைகளை வீசும் காட்சி, மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து மண்ணைப் பிறாண்டும் அந்தக் காட்சி வந்தபோதுதான் முகத்தை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் அன்று பேசவில்லை. மறுநாள் மாலை காயல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்.

நடந்தது 1950இலோ 1951இலோ. மழைக்காலம், கப்பல் குறைவு, தொடர்ந்து நான்கு நாள் பாட்டனாருக்கு வில்லை கிடைக்கவில்லை. வீட்டில் ஆச்சியும், கைக்குழந்தையாக என் தந்தையாரும். ஐந்தாம் நாள் ஒரு வில்லை கூட்டத்தில் எவர் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தது. அதன் மேல் ஒரு கை விழுந்து மூடிற்று. பாட்டனார் அந்தக் கையை மிதித்தார். மிதித்தது தவறி நேர்ந்ததன்று. அது யாருடைய கை என்பதைப் பார்த்த பின்னும் காலை எடுக்கவில்லை. வலக்கை மணிக்கட்டு. விரல்கள் விரிந்தன. வில்லையை எடுத்துக்கொண்டு அவர் கப்பலுக்குப் போனார். அண்ணாச்சியின் எலும்பு சரியாகக் கூடவில்லை. மூட்டை தூக்க முடியாதவருக்குத் துறைமுகத்தில் என்ன வேலை? சில மாதங்களில் ஊருக்கே திரும்பிவிட்டார். போகும்போதும் சண்டை இல்லை. ஒரு சொல் இல்லை.

இதைப் பாட்டனார் தம் மகனிடம் ஒரே ஒரு முறை சொன்னார். என் தந்தையார் இங்கே ஒரு மிளகுக் கிட்டங்கியில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்த அன்று. சுக்கும் மிளகும் புடைத்துத் தூற்றும் பெண்களுக்குக் கிழமைக் கூலியைக் கொடுக்கும் பொறுப்பும் அவ்வேலையில் உண்டு. “கூலியைக் கையில் கொடு. எறிந்துவிடாதே” என்று தொடங்கி, காரணத்தையும் சொல்லி முடித்தாராம். முடிக்கும்போது சொன்னது: “அன்று இராத்திரி சோறு இறங்கியது. நன்றாகவே இறங்கியது.” அண்ணாச்சியின் கையைக் காட்டிலும், அந்தச் சோறு இறங்கியதுதான் அவரைக் கடைசி வரை வாட்டியிருக்க வேண்டும் என்பது என் தந்தையாரின் எண்ணம்.

ஆச்சியின் பசியும் பாட்டனாரின் பசியும் ஒரே காலத்துப் பசி. ஒரே வீட்டுப் பசி. ஒன்று எங்களுக்குச் சிரிப்பாகவும் எலியாகவும் வந்து சேர்ந்தது. மற்றொன்று ஓர் அறையாகவும், வரிசையின் கடைசியில் நிற்கும் ஒரு மனிதராகவும் வந்தது. துன்பத்தில் நமக்குப் பிறர் செய்ததை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறோம். கோவாவை விட்டு ஓடியதைச் சொல்லலாம். துப்பாக்கிச் சூட்டைச் சொல்லலாம். அவற்றில் பெருமைக்கும் இடம் உண்டு. துன்பத்தில் நாம் பிறருக்குச் செய்ததைத்தான் சொல்வதில்லை. சொல்லாததனால் அது இல்லாமற் போவதும் இல்லை. காரணத்தை உதிர்த்துவிட்டுப் பழக்கமாக வேடமிட்டு, அடுத்த தலைமுறையின் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

வள்ளுவர் நல்குரவு என்னும் அதிகாரத்தில், வறுமை ஒரு குடியின் தொன்மைச் சிறப்பையும் புகழையும் ஒருசேரக் கெடுத்துவிடும் என்கிறார். கல்லூரியில் படித்தபோது, தொன்மைச் சிறப்பு என்றால் நிலம், வீடு, கோயிலில் முதல் மரியாதை என்று பொருள் கொண்டேன். இன்று வேறொன்று தோன்றுகிறது. பிறந்தது முதல் ஒருவனை ‘அண்ணாச்சி’ என்று அழைத்து வந்த நாக்கு. அந்த அழைப்பை ஐந்து நாள் பட்டினி கெடுத்துவிட்டது.

பாட்டனாரைக் குற்றவாளி என்பதா? நான் அப்படிச் சொன்னால் அது எளிது. மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வந்து சேரும் ஒருவன் சொல்வதால் மிகவும் எளிது. வில்லையைக் கையில் கொடுக்காமல் எறிந்தவன் எவனோ அவனே முதற் குற்றவாளி என்பதில் எனக்கு ஐயமில்லை. கையில் கொடுத்தாலும் அத்தனை பேருக்குத்தான் வேலை; எறிவதனால் வேலை கூடுவதில்லை. ஆனால் எறிந்தால் தொழிலாளர் கண் ஒருவரை ஒருவர் பார்க்கும், எறிந்தவனைப் பார்க்காது. இந்தச் சூழ்ச்சி கொச்சிக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் துறைமுகத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேலைச் சீட்டுக்காகத் தொழிலாளர் கூண்டுக்குள் அடைபட்ட விலங்குகள் போல் முட்டி மோதிக்கொண்டதை, 1889ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் தலைவர்களுள் ஒருவரான பென் டில்லெட் எழுதியிருக்கிறார். முறையை மாற்றப் போராடியே ஆக வேண்டும், போராடினார்கள், மாறிற்று. ஆயினும் முறையின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பாட்டனாரை விடுவிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அவரே தம்மை விடுவித்துக்கொள்ளவில்லை. அன்று அதே கூட்டத்தில், அதே பட்டினியோடு நின்று, ஒருவரையும் மிதிக்காமல் வெறுங்கையோடு திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் எந்தக் கதையிலும் இல்லை.

நினைவால் மட்டுமன்றி உடலாலும் துன்பம் இறங்கும் என்று இப்போது அறிவியலார் சொல்லுகிறார்கள். வண்ணாரைக் கொச்சிக்குக் கொண்டுவந்த அதே டச்சு நாட்டில், 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியரின் ஆக்கிரமிப்பின் கீழ் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. நகரங்களில் ஓர் ஆளின் நாள் பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கிற்று. பஞ்சம் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதும், அக்காலத்தில் யார் யார் கருவில் இருந்தனர் என்பதும் அந்நாட்டுப் பதிவேடுகளில் துல்லியமாக இருந்தன. ஆதலால் அக்குழந்தைகளை முதுமை வரை தொடர்ந்து ஆராய முடிந்தது. கருவின் தொடக்க மாதங்களில் தாய் பட்டினி கிடந்திருந்தால், பிள்ளைக்கு நடுவயதில் இதய நோயும் உடற்பருமனும் மிகுதியாகக் காணப்பட்டன. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் மரபணுவின் மேல் படியும் வேதியியற் குறிகள், பஞ்சத்தைக் காணாத அவர்களின் உடன்பிறந்தாரினின்றும் வேறுபட்டிருந்ததை 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பேரப்பிள்ளைகள் வரையும் அது செல்கிறதா என்பதில் அறிஞரிடையே இன்னும் முடிவில்லை. பதிவேடு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒரு நாட்டின் எழுத்தர்கள் ஒழுங்காக எழுதி வைத்ததால் இவ்வுண்மை வெளிப்பட்டது என்பதில் சிறிது பெருமை உண்டு, அதை மறைக்கவில்லை.

உடலில் இறங்குவதற்கு நாம் என்ன செய்ய முடியும்? மருத்துவரிடம் போகலாம். பழக்கத்தில் இறங்குவதைப் பற்றித்தான் என் கவலை. அதற்கு என்னையே சான்றாக நிறுத்த வேண்டியிருக்கிறது.

திரைப்படம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், சாளரத்தின் முன் ஒரு முதியவர் வந்து நின்றார். அது அவருடைய மூன்றாவது வருகை. படிவத்தில் ஒரு கையெழுத்து மீண்டும் இடம் மாறியிருந்தது. மாதக் கடைசி, எனக்கு எரிச்சல். படிவத்தைச் சாளரத்தின் வழியே எறிந்தேன். அது அவர் கையில் சிக்காமல் தரையில் விழுந்தது. அவர் ஒரு கையால் சுவரைப் பற்றிக்கொண்டு மெல்லக் குனிந்து, அதை எடுத்து, தூசியைத் தட்டிக்கொண்டு போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முறையீடும் இல்லை. அன்று மாலை நான் வீட்டுக்குப் போய், வண்டிச் சாவியை எழுந்து சென்று மனைவியின் கையில் கொடுத்திருப்பேன். வீட்டுச் சட்டம் அல்லவா!

இதை எண்ணும்போதெல்லாம் என் உள்ளம் கூசுகிறது. எறியாதே என்ற பாடத்தைக் கன்னத்தில் வாங்கியவன் நான். முப்பது ஆண்டுகள் அதைத் தவறாமல் காத்தவன். ஆயினும், அது இலட்சுமியைப் பற்றிய சட்டம் என்றே எண்ணியிருந்ததால், காசும் சாவியும் அதற்குள் அடங்கின, படிவம் அடங்கவில்லை. குனிய வைக்கப்படும் மனிதனைப் பற்றிய சட்டம் என்று தெரிந்திருந்தால் கை தயங்கியிருக்குமோ? உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லாம் தெரிந்தவர்களும் எறிகிறார்கள். ஆனால் தயங்குவதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

என் தந்தையார் இதை ஒப்பவில்லை. “அவர் உன்னிடம் சொல்லாமல் விட்டது உன் மேல் வைத்த அன்பு. தாத்தா என்றால் உனக்கு உயிர். அதைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் நானும் வாய் திறக்கவில்லை. செத்தவரைக் கூண்டில் ஏற்றி என்ன காணப்போகிறாய்?” என்றார். இதற்கு விடை சொல்வது எளிதன்று. பிள்ளைகள் சுமையின்றி வளரட்டும் என்று மறைப்பதிலும் ஓர் அறம் உண்டு. இலங்கையிலிருந்தோ, புயல் தின்ற தனுஷ்கோடியிலிருந்தோ, வேறெங்கிருந்தோ வந்த பெரியவர்கள் பலர் வாய் திறவாமலே வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். அவர்கள் மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அவர் வரிசையின் கடைசியில் நின்றதைப் பார்த்து நான் அவரைக் கையாலாகாதவர் என்று எண்ணிய ஆண்டுகள் உண்டே. அந்த ஆண்டுகளை யார் எனக்குத் திருப்பித் தருவார்? அவரிடம் இதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அதுவும் பரவாயில்லை என்று சொல்லி எனக்கு இடம் விட்டிருப்பார்.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கதை வருகிறது. பன்னிரண்டு ஆண்டு மழையின்றி வாடிய பாண்டிய நாட்டில் அவன் அமுதசுரபியால் அனைவர் பசியும் தீர்த்தான். மழை பெய்து நாடு செழித்ததும் அவனைத் தேடி வருவார் இல்லை. பசித்தவர் கூடிய அம்பலத்தில் சூதாடுவோரும் வீண்கதை பேசுவோரும் கூடினார்கள். அவன் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு, உண்பார் உண்டோ என்று கடல் கடந்து போக நேர்ந்தது. செழிப்பு வந்த இரண்டே நாளில் பசித்தவர்கள் பசியை மறந்தார்கள் என்று புலவர் குறை கூறுவதாக முன்பு எண்ணினேன். மறதி அவர்களுக்குத் தேவையாயிருந்தது என்றும் கொள்ளலாம். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் யார் யார் எவர் கையை மிதித்தார்களோ!

என் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று ஓராண்டுக்கு மேல் தயங்கினேன். ஒருநாள் அவள் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கைபேசி மின்னேற்றியை அம்மாவிடம் வீசினாள். என் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கை யாருடையது என்று எனக்கு அன்று தெரிந்திருந்தது, ஆதலால் இறக்கிவிட்டேன். உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். என் சாளரத்தில் நடந்ததையும் சேர்த்தே சொன்னேன். அவள் தாத்தாவின் தந்தையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்த அண்ணாச்சி வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டாள்.

எழுபது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் எவரும் கேட்காத கேள்வி அது. வருத்தம் முழுவதும் எங்கள் பாட்டனாருடையதாகவும், பாடம் முழுவதும் எங்களுடையதாகவும் இருந்தது. கை மட்டும் அவருடையது. அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும். ஒரு கையால் ஏர் பிடித்தாரோ, ஆடு மேய்த்தாரோ, அதனால் அப்பிள்ளைகளின் படிப்பு எந்த வகுப்போடு நின்றதோ! எங்கள் வீட்டில் எறியாதே என்று இருப்பது போல, அவர்கள் வீட்டிலும் காரணம் தெரியாத ஒரு சட்டம் இருக்கலாம். கூட்டத்துக்குள் போகாதே என்றோ, கேரளத்துக்குப் பெண் கொடுக்காதே என்றோ, சிநேகிதனை நம்பாதே என்றோ. அதை மீறியதற்காக அங்கே ஒரு பிள்ளை அடி வாங்கியிருக்கலாம். அதற்கு நான் கடன்பட்டவனா? சட்டத்தின்படி இல்லை. பாட்டன் வாங்கிய கைமாற்றுக்கே பேரன் சில வேளைகளில் கட்டுப்படுவதில்லை. ஆனால் பாட்டனார் அன்று ஏற்றிய மூட்டையின் கூலியில்தான் என் தந்தையார் பால் குடித்தார். அந்த அளவுக்கு அது என் கணக்கிலும் வருகிறது என்றே தோன்றுகிறது.

என் தந்தையாரிடம் ஊரின் பெயரையும் அவருடைய வீட்டு அடையாளத்தையும் கேட்டேன். ஊரைச் சொன்னார், வாய்க்கால் பாலத்தை ஒட்டிய தெரு என்றார், தாம் ஒருமுறை, 1992இல், பாட்டனாருக்குத் திதி கொடுத்துவிட்டு அந்தப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்ததாகவும் சொன்னார். இதுவும் எனக்குப் புதிய செய்தி. வரும் தைப் பொங்கல் விடுமுறையில் அங்கே போவதென்று நானும் மகளும் முடிவு செய்திருக்கிறோம். என்ன சொல்லிக் கதவைத் தட்டுவது என்பது இன்னும் தெரியவில்லை. தாமும் வருவதாக அவர் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இம்மலருக்காக எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். ஊர்ப் பெயரை எழுதாதே என்றார், எழுதவில்லை. நான் முதலில் வெறுமனே ‘கை’ என்று எழுதியிருந்தேன். வலக்கை, மணிக்கட்டு என்று திருத்தினார். அதையே மேலே எழுதியிருக்கிறேன்.